ராவணன் மீசை ஓரத்தில் மூன்று முட்டைகள்

மே மாதம் மண்டபத்துக்குப் போகிறேன் என்று சொன்னால் மதுரையில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "இந்த வெயில்லயா?" சித்தி வீடு அங்கே இருக்கிறது என்பது பாதி பதில். மீதிப் பதில் செவலை. சித்தி வளர்க்கும் நாட்டு நாய், மூன்று வயதுப் பெண். நான் போய் இறங்கினால் பத்து நாளும் அவளுடைய காலை நடை என் பொறுப்பு.

கத்திரி வெயிலில் நாயைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவதற்கு ஒரு கணக்கு உண்டு. ஐந்தரைக்குக் கிளம்பினால் ஏழரைக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். அதற்கு மேல் மணலில் புறங்கையை வைத்துப் பாருங்கள், ஐந்து நொடி வைக்க முடியாது. நாயின் பாதம் மட்டும் எப்படித் தாங்கும்? அந்த இரண்டு மணி நேரத்தில் செவலை பத்தடிக்கு ஒருமுறை நின்று மோப்பம் பிடிப்பாள். கூட நிற்கிறவன் கண்ணுக்கும் ஏதாவது வேலை வேண்டும். பூச்சியும் பறவையும் பார்க்கும் பழக்கம் எனக்கு இப்படித்தான் வந்தது.

மண்டபத்தின் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. நாங்கள் நடப்பது தென்கரையில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகு எதுவும் ஓடாது. கரையில் அந்த இரைச்சலே இல்லை. படகுக்குப் போகும் சித்தப்பாவும் வீட்டில்தான் இருந்தார். முதல் இரண்டு நாள் அவர் எங்களோடு வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதை அப்புறம் சொல்கிறேன்.

கரைக்கு இறங்கும் பாதையில் பனைமரங்கள். விடியும்போதே பனை உழவாரன்கள் ஓலைக்குள்ளிருந்து கிளம்பி, மரத்தைச் சுற்றிச் சுற்றி வெட்டி வெட்டிப் பறக்கும். மின்கம்பியில் ஒரு பச்சைப் பஞ்சுருட்டான் உட்கார்ந்திருந்தது. பறந்து போய் ஒரு தட்டானைப் பிடித்துக்கொண்டு அதே இடத்துக்கு வந்தது. தட்டானைக் கம்பியில் நாலு முறை அடித்துவிட்டுத்தான் விழுங்கியது. தேனீ கிடைத்தால் கொடுக்கைத் தேய்த்து எடுத்துவிட்டுச் சாப்பிடும். பக்கத்து மண்மேட்டில் அதன் வளை இருந்தது. செவலை அதற்குள் மூக்கை நுழைக்கப் பார்த்தாள். இழுத்துக்கொண்டு வந்தேன்.

கரையேற்றி வைத்திருந்த பழைய வள்ளம் ஒன்றின் நிழலில் குழியானைக் குழிகள். சின்ன வயதில் இதைத் தோண்டி எடுத்து உள்ளங்கையில் விட்டு விளையாடாதவர்கள் எங்கள் பக்கம் குறைவு. ஆனால் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தது இந்த முறைதான். ஒரு எறும்பு குழியின் விளிம்பில் கால் வைத்தது. மணல் சரிந்தது. எறும்பு மேலே ஏற ஏற, அடியிலிருந்து மணல் துகள்கள் விசிறி வந்து விழுந்தன. கீழே புதைந்திருக்கும் பூச்சி தலையால் மணலை வாரி எறிகிறது. மூன்றாவது சரிவில் எறும்பு கீழே போனது, ஒரு உலுக்கல், அவ்வளவுதான். இந்தக் குழியானைதான் பின்னால் இறக்கை முளைத்துத் தட்டான் மாதிரிப் பறக்கும். தட்டானிலிருந்து பிரித்துப் பார்க்க உணர்கொம்பைக் கவனியுங்கள்: தட்டானுக்கு இருப்பதே தெரியாது, இதற்கு நீளமாக, முனை தடித்து இருக்கும்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் எருக்கஞ்செடிகள். பூக்களில் கருவண்டு ரீங்காரம். ஒரு இலைக்கு அடியில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு இருந்தது. உடம்பெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாக வளையங்கள், நடுவே மஞ்சள் புள்ளிகள், முதுகில் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்புகள். எருக்கம்பால் நமக்கு நஞ்சு. இந்தப் புழு அந்த இலையையே தின்று வளர்கிறது, அந்த நஞ்சே பட்டாம்பூச்சி ஆன பிறகும் அதற்குக் காவலாக நிற்கிறது. அதனால்தான் வெந்தய வரியன் பறப்பதில் ஒரு அவசரமும் தெரியாது. எருக்கம் புதருக்குள் நாயை விடாதீர்கள். பால் கண்ணில் பட்டால் ஆபத்து. வீட்டுக்கு வந்ததும் காதுக்குள் உண்ணி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சரி, மணலுக்கு வருவோம். கடலுக்கு முன்னால் அடும்பங்கொடி ஊதாப் பூவோடு படர்ந்திருக்கும். அதோடு ராவணன் மீசை. ஊசி ஊசியாக நிற்கும் அந்தப் புல்லின் விதைப்பந்து காற்றில் உருண்டு ஓடும்போது செவலைக்குக் கால் நிற்காது. முதல் நாள் அப்படி ஒரு பந்தைத் துரத்தத்தான் அவள் இழுத்தாள். நானும் யாருமில்லாத கரைதானே என்று கயிற்றை விட்டுவிட்டேன்.

பந்தைத் துரத்தியவள் பாதியில் திசை மாறினாள். அவளுக்கு முன்னால் சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிய, மணல் நிறப் பறவை ஒன்று ஒரு பக்க இறக்கையை இழுத்துக்கொண்டு தத்தித் தத்தி ஓடியது. அடிபட்ட பறவை என்று நினைத்து நானும் பின்னாலேயே ஓடினேன். ஐம்பது அடி போனதும் அது ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து பறந்துவிட்டது. மறுநாளும் அதே இடத்தில் அதே கதை.

அன்று ராத்திரி சாப்பிடும்போது இதைச் சொன்னேன். சித்தப்பா சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்து பார்த்தார். "அதுக்கு ஒண்ணும் அடிபடலப்பா. முட்டை வச்சிருக்கு. உங்களை ஏமாத்திக் கூட்டிட்டுப் போகுது" என்றார். மூன்றாம் நாள் அவரும் வந்தார். கயிறு அவர் கையில், இரண்டு சுற்று சுற்றி.

அது உப்புக்கொத்தி. வடக்கே இருந்து குளிர்காலத்தில் வரும் கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு வகை என்றுதான் இதை வெகுநாள் வைத்திருந்தார்கள். 1915-லேயே விவரித்துப் பெயர் வைத்தாகிவிட்டது. 2023-இல்தான் மரபணுவையும் உடலளவுகளையும் ஒப்பிட்டு, தனி இனம் என்று பிரித்தார்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நிரந்தரமாக வாழும் பறவை என்பதால், இரண்டு கரைக்கும் பாலம் கட்டிய அனுமன் பெயரையே வைத்து 'ஹனுமான் ப்ளோவர்' என்கிறார்கள். விருந்தாளி உப்புக்கொத்திகள் கோடைக்கு முன்பே ஊருக்குக் கிளம்பிவிடும். மே மாதம் இந்த மணலில் முட்டையோடு நிற்பது நம்மூர்ப் பறவைதான். அனுமன் பெயர்கொண்ட பறவை ராவணன் மீசை ஓரத்தில் குடியிருப்பதை நினைக்க நினைக்க எனக்கு மனம் நிறைந்தது.

சித்தப்பா தூரத்திலிருந்தே விரல் நீட்டினார். எனக்கு மணல்தான் தெரிந்தது. "அந்தச் சிப்பிக்கு இந்தப் பக்கம் பாரு" என்றார். அப்போதும் தெரியவில்லை. தொலைநோக்கியில் வெகுநேரம் தேடியபின், மணல் நிறத்தில் கறுப்புக் கிறுக்கல்களோடு மூன்று முட்டைகள். கூடு என்று எதுவும் இல்லை. காலால் கீறிய ஒரு சின்னப் பள்ளம், ஓரத்தில் சில சிப்பித் துண்டுகள். முந்தைய இரண்டு நாளும் நானும் செவலையும் ஓடிய கால்தடம் அதற்கு இரண்டு முழம் தள்ளி இருந்தது. அதைப் பார்த்தபோது அடிவயிறு கலங்கிவிட்டது.

இங்கே இன்னொன்றும் இருக்கிறது. கோடையில் இந்தப் பறவை முட்டைமேல் உட்காருவது சூடேற்ற மட்டும் இல்லை. வெயில் ஏறியபின் அது நிழலுக்காக உட்காருகிறது. நாயைக் கண்டு பயந்து எழுந்து போனால் அத்தனை நேரமும் முட்டைகள் வெறும் மணலில் வேகும். நாய் அவற்றை மிதிக்கவே வேண்டாம், அங்கே சும்மா சுற்றிக்கொண்டிருந்தாலே போதும்.

அதற்குப் பிறகு நடையை மாற்றிக்கொண்டோம். கயிறு கையைவிட்டுப் போகாது, மேட்டு மணல் பக்கம் போவதில்லை, அலை நனைத்த ஈர மணலில் மட்டும்தான் நடை. செவலைக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. குழிநண்டு வளைகள் அங்கேதான் அதிகம். கடல்மேல் ஒரு ஆலா அந்தரத்தில் நின்று படக்கென்று குதித்து மீனோடு எழும்போதெல்லாம் காதை நிமிர்த்திப் பார்ப்பாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சித்தப்பாவும் நானும் வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தோம். செவலை குழியானைக் குழிகளின்மேல் படுத்து இளைத்துக்கொண்டிருந்தாள். உப்புக்கொத்தி முட்டையைவிட்டு எழுந்து குடுகுடுவென்று நீர் ஓரத்துக்கு ஓடியது. அலை வந்து ஒதுங்கிய இடத்தில் வயிறு படும்படி உட்கார்ந்து, உடம்பை ஆட்டி ஆட்டி நனைத்தது. பிறகு நின்று நின்று, ஓடி ஓடித் திரும்பி வந்தது. வயிற்று இறகுகள் ஒட்டிப்போய்ச் சொட்டிக்கொண்டிருந்தன. அப்படியே முட்டைகளின்மேல் மெதுவாக இறங்கி உட்கார்ந்தது.

மணி ஏழு இருபது. சித்தப்பா சத்தம் வராமல் எழுந்து, செவலையைப் பனைமரங்களின் பின்பக்கமாகச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனார்.