பாலில் விஷம் தேடி ரெய்டு போகாத இடம்

கலப்படப் பாலை அதிகாரிகள் பிடித்துக் கேன் கேனாகக் கீழே கொட்டும் வீடியோ வந்தால் போதும், எல்லாக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றிவிடும். கொட்டட்டும், தப்பே இல்லை. ஆனால் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடு முழுக்க நடத்திய பால் ஆய்வைப் படித்த பிறகு எனக்குக் கவலையெல்லாம் வேறு பக்கம் போய்விட்டது. மொத்தம் 6,432 மாதிரிகள் எடுத்திருக்கிறார்கள். யூரியா, டிடர்ஜென்ட், ஹைட்ரஜன் பெராக்சைடு என்று உடம்புக்கு ஆகாததைக் கலந்திருந்தது 12-இல் மட்டும். அஃப்ளாடாக்சின் எம்1 என்ற பூசண நச்சு அளவு மீறி இருந்தது 368-இல், அந்த எண்ணிக்கையில் நம் தமிழ்நாடுதான் முதலிடம், இங்கே எடுத்த 551 மாதிரிக்கு 88.

இதை யாரும் பாலில் ஊற்றுவதில்லை. ஈரம் பட்ட கடலைப் பிண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு, மக்காச்சோளம் இதிலெல்லாம் பிடிக்கிற பூசணத்திலிருந்து வருகிற நச்சு அது. மூட்டையின் அடியில் பச்சையும் மஞ்சளுமாகப் பூத்திருக்கும், ஆனால் பிண்ணாக்கை ஊறவைத்துத் தவிட்டோடு தொட்டியில் கரைத்துவிட்டால் யார் கண்ணுக்குத் தெரியும்? மாடு குடிக்கும், மறுநாள் கறவையிலேயே பாலில் வந்துவிடும். காய்ச்சினாலும் போகாது. கல்லீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகிற சமாச்சாரம், நாம் குழந்தைக்கு டம்ளரில் ஆற்றிக் கொடுக்கிறோம்.

பால் சொசைட்டியில் லாக்டோமீட்டரை விட்டுப் பார்த்தால் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று ஓரளவு தெரியும், இந்த நச்சு தெரியாது.

சரி, அதிகாரி தீவனக் கடைக்குப் போய் மூட்டையைப் பிரித்து மாதிரி எடுக்கலாமே என்றால், அங்கேதான் சிக்கல். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் ‘உணவு’ என்பதற்குச் சொல்லும் விளக்கத்திலேயே கால்நடைத் தீவனம் சேராது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கலப்பட உணவால் உயிர் போனால் ஆயுள் தண்டனை வரை கொடுக்க முடிகிற சட்டம், மாட்டுத் தொட்டிக்கு முன்னால் வந்து நின்றுவிடுகிறது! கடன் வாங்கி மூட்டை வாங்கிப் போடுகிற பால்காரரை இதில் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அவருக்கு விற்றவரை யார் கேட்பது?

தீவன ஆலையிலும் கடையிலும் மாதிரி எடுத்துப் பூசண நச்சைச் சோதிக்கிற அதிகாரம் வேண்டும், தேறாத சரக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுக்க வேண்டும் என்ற விதியும் வேண்டும். அப்புறம் சொசைட்டிதோறும் மூட்டையைத் தரையில் படாமல் அடுக்க ஒரு காய்ந்த இடம். பால் கேனைக் கொட்டுவதைவிட இதற்கு முதலில் ஆள் அனுப்புங்கள்.