ஒவைஹியில் ஒரு கோட்டின் பின்னால்

ஏப்ரல் 19
விடியுமுன் கூடாரத்தை விட்டு வெளியே வந்தோம். பேசக் கூடாது, டார்ச் அடிக்கக் கூடாது என்று குழுவின் மூத்தவர் நேற்றிரவே சொல்லியிருந்தார். புதர்களுக்கு நடுவே வெறும் தரை. அங்கே சேஜ் கிரௌஸ் என்னும் காட்டுக்கோழி இனத்தின் சேவல்கள் மார்பின் மஞ்சள் பைகளைப் புடைத்து, நீர்க்குமிழி உடைவது போன்ற ஒலியெழுப்பி ஆடின. ஆண்டுதோறும் அதே இடத்துக்குத்தான் வருகின்றன. குளிர்காலம் முழுவதும் அவற்றுக்குச் சேஜ்பிரஷ் என்னும் இந்தப் புதரின் இலைதான் உணவு. புதர் போனால் பறவையும் போய்விடும். நான் பதினெட்டு எண்ணினேன், பக்கத்திலிருந்தவர் இருபது. இரண்டையும் எழுதிக்கொண்டோம்.

ஏப்ரல் 20
இன்று முழுவதும் ஒரு கோட்டின் பின்னால் நடந்தோம். வரைபடத்தில் அது சாலை போலத் தெரிகிறது. ஒரிகன் மாநிலத்தின் தென்கிழக்கிலுள்ள இந்த ஒவைஹிப் பொதுநிலம் அமெரிக்க நில மேலாண்மைப் பணியகத்தின் பொறுப்பில் இருக்கிறது. 1964ஆம் ஆண்டு வனாந்தரச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்க வேண்டுமானால், பொதுவாக 5,000 ஏக்கராவது சாலை குறுக்கிடாமல் கிடக்க வேண்டும். இந்தக் கோடு சாலைதான் என்று முடிவானால் நிலம் இரண்டு துண்டு. ஆனால் வண்டிகள் போய்ப்போய் விழுந்த தடம் சாலையாகாது. இயந்திரத்தால் செப்பனிட்டுப் பராமரித்தால்தான் சாலை. மேசையில் உட்கார்ந்து இதை எப்படிச் சொல்வது?

முதல் மைலில் புல்டோசர் ஒதுக்கிய மண்வரப்பு இருந்தது. எனக்கு நெஞ்சு கனத்தது. இதை விட்டுவிடலாமா என்று கேட்டேன். "இதைத்தான் முதலில் படமெடுக்க வேண்டும்" என்றார் மூத்தவர். மூன்றாம் மைலில் சக்கரத் தடத்தின் நடுவே இடுப்பளவு சேஜ்பிரஷ் நின்றது. கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் ஜிபிஎஸ் புள்ளி, பார்த்த திசை, நேரம்.

ஏப்ரல் 21
மழை. களிமண் காலணியை விடவில்லை. மதியத்துக்குமேல் முள்கம்பி வேலியின் மேல்கம்பியில் வெள்ளை அடையாள வில்லைகள் மாட்டினோம். தாழப் பறக்கும் கிரௌஸ் கம்பி தெரியாமல் மோதிச் செத்துப்போகிறது.

மே 6
ஆவணத் தொகுப்பைப் பணியகத்துக்கு அனுப்பிவிட்டோம்: நாற்பத்தொரு படங்கள், ஒரு வரைபடம், நான்கு பக்கக் குறிப்பு. முதல் மைலைச் சாலை என்றே எழுதி, எல்லையை அதற்கப்பால் நகர்த்தி வரைந்திருக்கிறோம். முதல் படம் அந்த மண்வரப்புதான்.