அந்தரத்தில் ஒரு கதவு

எகிப்தில், லக்சர் கோயில் முற்றத்தில் அண்ணாந்து நின்றேன். 3,000 வருடத்துக்கும் மேல் பழைய தூண்கள். அவற்றின் தலைமேல் அபு அல் ஹக்காக் மசூதி! அதன் பழைய வாசல் ஒன்று, படியே இல்லாமல், ஆளுயரத்துக்கும் வெகு மேலே அந்தரத்தில் நிற்கிறது. 'எந்தக் கொத்தனார் வேலையோ' என்று சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. மசூதி கட்டியபோது கோயில் மண்மூடிக் கிடந்தது. அன்றைய தெருமட்டமே அந்த வாசல் உயரம்தான். 1880களில் தோண்ட ஆரம்பித்ததும் தரை கீழே போய்விட்டது, கதவு மேலேயே தங்கிவிட்டது. தொழுகை இன்றும் நடக்கிறது.

சாயங்காலம் சந்தையில் கர்கடே வாங்கினேன். டீ போடும் காய்ந்த சிவப்புப் பூ. நம் புளிச்சகீரைக்குச் சொந்தம்தான். கடைக்காரர் 200 எகிப்திய பவுண்டு என்றார். திரும்பி நடந்தேன். நாலாவது எட்டில் 80 ஆனது. இன்னும் ரெண்டு எட்டு வைத்திருக்கலாமோ?