பின் சக்கரம் ஏன் சுட்டது?

என் காரின் பின்பக்கப் பிரேக்கில், சக்கரத்தோடு சுற்றும் இரண்டு டிஸ்க்கையும் அவற்றை அழுத்திப் பிடிக்கும் பேடுகளையும் நானே மாற்றினேன். வேலை சுத்தமாக முடிந்துவிட்டது என்றுதான் நம்பினேன். மறுநாள் அரைமணி நேரம் ஓட்டி நிறுத்தியபோது கருகிய வாசனை. பின் வலது சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனதுமே அனல் அடித்தது. தொடாமல் வெப்பம் பார்க்கும் கருவியைக் காட்டினேன்: வலது டிஸ்க் 160 டிகிரி, இடது 95.

புதுப் பேடு படியும்வரை கொஞ்சம் வாசனை வரும், அது சரி. ஆனால் மெதுவாக ஓட்டியும் இவ்வளவு சூடு வந்தால், பேடு டிஸ்க்கை விடாமல் உரசுகிறது என்றே அர்த்தம். ஓட்டி ஓட்டிச் சரியாகிவிடும் என்று விடக்கூடாது.

முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டுக் கையால் சுற்றிப் பார்த்தேன். இடது கொஞ்சம் இறுக்கம். வலது அரைச் சுற்றுகூடப் போகவில்லை. பெடலை நாலு தடவை மிதித்துவிட்டு, வலது கேலிப்பரில் (பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) பிரேக் ஆயிலை வெளியே விடும் பிளீட் நிப்பிளைத் திறந்தேன். ஆயில் பீய்ச்சி அடித்து, சக்கரம் உடனே லேசாகியிருந்தால் அழுத்தம் உள்ளேயே சிக்கியிருக்கிறது, அதாவது ஆயில் வரும் ஹோஸ் உள்பக்கம் அடைத்திருக்கிறது அல்லது பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் கோளாறு என்று போயிருப்பேன். ஆயில் சும்மா கசிந்தது, இறுக்கம் அப்படியே இருந்தது. இந்த ஒரு சோதனை என் தேடலைப் பாதியாகக் குறைத்தது. நிப்பிளை மூடி, ஆயில் அளவைச் சரிபார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

என் காரில் ஹேண்ட் பிரேக்கும் அதே கேலிப்பரில்தான் வேலை செய்கிறது. கேபிள் இழுக்கும் சின்ன லிவர், பிரேக்கை இறக்கியதும் தன் ஸ்டாப்பில், அதாவது தடுப்பில், போய் உட்கார வேண்டும். இரண்டு பக்கமும் உட்காரவில்லை! அப்போதுதான் நினைவு வந்தது. பழைய பேடு தேய்ந்து ஹேண்ட் பிரேக் தளர்ந்தபோது கேபிளை இறுக்கியிருந்தேன். இப்போது புதுப் பேடு, புது டிஸ்க் என்று தடிமன் கூடியிருக்கிறது, கேபிள் மட்டும் பழைய இறுக்கத்திலேயே இருக்கிறது. கேபிளைக் கழற்றியதும் இடது சக்கரம் தாராளமாகச் சுற்றியது.

வலது இன்னும் பிடித்தது. கேலிப்பரைக் கழற்றினேன். கேலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின்கள் விரலால் தள்ளினாலே நகர்ந்தன. உள்பக்கப் பேடைத்தான், அதைத் தாங்கும் பிராக்கெட்டிலிருந்து நெம்பி எடுக்க வேண்டியிருந்தது. பேடு நுனி உட்காரும் ஸ்டீல் கிளிப்புக்கு அடியில் துரு தடித்து, கிளிப்பையே உள்ளே தள்ளியிருந்தது. பேடு நுனிக்கு நகர இடமே இல்லை. பேடை மாற்றும்போது இந்தக் கிளிப்பைக் கழற்றி அடியில் பார்ப்பவர்கள் குறைவு, நானும் பார்க்கவில்லை. கம்பி பிரஷ்ஷால் இரும்பு தெரியும்வரை தேய்த்துக் கிளிப்பைத் திரும்ப மாட்டியதும், பேடு கையால் தள்ள நகர்ந்தது. பேடைத் தள்ளும் பிஸ்டனைத் திரும்பச் சுற்றி உள்ளே இறக்கி, அதன் பள்ளத்தில் பேடின் முதுகிலுள்ள குமிழ் பொருந்துகிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். இந்த வகைப் பிஸ்டனை கிளாம்ப் வைத்து நேராக அழுத்தினால் உள்ளே இருக்கும் ஹேண்ட் பிரேக் அமைப்பு கெட்டுவிடும்.

அப்புறம் கேபிள். முதலில் பெடலை மிதித்துப் பேடுகளை அதனதன் இடத்துக்கு வரவைத்துவிட்டு, கடைசியாகத்தான் கேபிளை இறுக்கினேன், இரண்டு லிவரும் ஸ்டாப்பை விட்டு நகராத அளவுக்கு மட்டும்.

அவ்வளவு சூட்டைப் பார்த்த பழைய ஆயிலை வைத்திருக்க மனம் வரவில்லை. என் காரில் ஊற்றும் டாட் 4 வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரிவரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 வரை இறங்கலாம். முழுவதையும் மாற்றினேன்.

அதே பாதையில் அதே அரைமணி நேரம் ஓட்டினேன். வலது 62, இடது 59.