ஃபைவ் பாயிண்ட்ஸ் வீடுகளின் தேநீர்க் கோப்பைகள்

நியூயார்க்கின் ஃபைவ் பாயிண்ட்ஸ் பகுதியைப் பற்றி 19ஆம் நூற்றாண்டில் எழுதியவர்கள், 1842இல் அங்கு சென்றுவந்த ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் உட்பட, பெரும்பாலும் அழுக்கையும் குடியையும் குற்றத்தையுமே கண்டார்கள். ஆனால் 1991இல், அப்பகுதி இருந்த இடத்தில், இன்றைய ஃபோலி சதுக்கத்தில், நீதிமன்றக் கட்டடம் எழுப்புவதற்கு முன் நடந்த அகழாய்வில், அங்கு வாழ்ந்த குடும்பங்கள் பழைய கழிப்பறைக் குழிகளிலும் பிற பள்ளங்களிலும் வீசியெறிந்த ஏறத்தாழ 8,50,000 பொருள்கள் கிடைத்தன. பேர்ல் தெருவில் ஐரிஷ் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த அடுக்குக் குடியிருப்பின் பின்புறத்தில், இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் செய்த தேநீர்க் கோப்பைகளும் இறைச்சி எலும்புகளும் அகப்பட்டன. ஒரு கோப்பையில் மதுவிலக்குப் பரப்புரை செய்த ஐரிஷ் பாதிரியார் தியோபால்ட் மேத்யூவின் உருவம் பொறிக்கப்பட்டிருந்தது. அந்தக் கோப்பை இருந்த வீட்டில் எவரும் மதுவைத் தொடவில்லை என்று முடிவுகட்ட முடியாது. அயர்லாந்தின் மீதுள்ள பற்றினாலும் அதை வாங்கியிருக்கலாம். எனினும், வறுமையிலும் வீட்டைச் சீராக நடத்த முனைந்தவர்கள் அங்கு இருந்தார்கள் என்பதற்கு, டிக்கன்ஸின் வருணனையைவிட இந்தக் குப்பையையே நான் நம்புவேன்.

உலக வர்த்தக மையத்தின் அடித்தளத்தில் வைக்கப்பட்டிருந்த அப்பொருள்கள் 2001 செப்டம்பர் 11 அன்று அழிந்தன. கண்காட்சிக்காக இரவல் தரப்பட்டிருந்த 18 மட்டுமே தப்பின. நல்லவேளையாக, பகுப்பாய்வு அதற்குள் பெரும்பாலும் முடிந்திருந்தது.