ஸ்டாக்குக்கு வட்டி கட்டுவது யார்?

கார் டீலர்ஷிப்புகளுக்கு இனி எதிர்காலம் உண்டா, கம்பெனிகளே நேரடியாக விற்கத் தொடங்கிவிடுமா என்ற பேச்சு வந்தால், விவாதம் ஷோரூமா வெப்சைட்டா என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது. நேரடி விற்பனை செய்யும் கம்பெனிக்கும் ஷோரூம் உண்டு. 2025 ஜூலையில் இந்தியாவுக்கு வந்த டெஸ்லாவும் மும்பை பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் கடை திறந்துதான் ஆரம்பித்தது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. விற்காமல் நிற்கும் கார் யாருடைய கணக்கில் நிற்கிறது? அதற்கு வட்டி கட்டுவது யார்?

வழக்கமான டீலர்ஷிப் எப்படி ஓடுகிறது என்பதைப் பார்த்தால் இது புரியும். ஃபேக்டரியிலிருந்து கார் லாரியில் ஏறும்போதே டீலர் பெயரில் பில் போட்டாகிவிடும். டீலரின் வங்கி அந்தப் பணத்தை, ஜிஎஸ்டியும் சேர்த்து, கம்பெனிக்கு அனுப்பிவிடும். கம்பெனியைப் பொறுத்தவரை விற்பனை முடிந்தது. டீலருக்கோ அன்றைக்குத்தான் வட்டி ஓடத் தொடங்குகிறது. பில் மதிப்பு 10 லட்சம், வட்டி ஆண்டுக்கு 9.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 260 ரூபாய். 30 நாளில் விற்றால் 7,800 ரூபாய். 75 நாள் நின்றால் 19,500. சில கம்பெனிகள் முதல் சில நாட்களுக்கு வட்டியில்லா அவகாசம் தருவதுண்டு. ஆனால் யார்டில் வெயிலில் நிற்கும் காருக்கு அது சீக்கிரம் தீர்ந்துவிடும். கார் ஒன்றுக்கு டீலருக்கு மிஞ்சுவது பில் மதிப்பில் நான்கு சதவீதம் என்று வைத்தாலும் 40,000 ரூபாய்தான். அதில் பாதி வட்டிக்கே போனால், சம்பளம், வாடகை, டெமோ கார், மாதக் கடைசித் தள்ளுபடி எல்லாம் மீதிப் பாதிக்குள் அடங்க வேண்டும்.

செய்தித்தாளில் ஒரே மாதத்துக்கு இரண்டு விற்பனைக் கணக்கு வருவதற்கும் காரணம் இதுதான். தயாரிப்பாளர்களின் சங்கமான சியாம் சொல்வது டீலர்களுக்கு அனுப்பிய எண்ணிக்கை. டீலர்களின் சங்கமான ஃபாடா சொல்வது அரசின் வாகனப் பதிவுத் தளமான வாகனில் பதிவான எண்ணிக்கை. முதலாவது பெரிதாகவும் இரண்டாவது சிறிதாகவும் சில மாதங்கள் தொடர்ந்தால், இடைவெளியின் பெரும்பகுதி டீலர் யார்டில் நிற்கிறது என்று அர்த்தம். 2024 செப்டம்பரில் அது 80 முதல் 85 நாள் ஸ்டாக் (அத்தனை நாள் விற்பனைக்குப் போதுமான கார்கள்) வரை போய்விட்டதாகவும், ஏறக்குறைய 7.9 லட்சம் கார்கள், 79,000 கோடி ரூபாய் முடங்கிக் கிடப்பதாகவும் ஃபாடா சொன்னது. இருக்க வேண்டிய அளவு என்று அவர்கள் சொல்வது 21 நாள்.

எனவே டீலர் பிழைப்பது புதுக் காரின் லாபத்தில் அல்ல. இன்ஷூரன்ஸ் கமிஷன், கடன் ஏற்பாட்டுக்கு வங்கி தரும் தொகை, ஆக்சசரீஸ், எக்ஸ்சேஞ்சில் வந்த பழைய வண்டி, எல்லாவற்றுக்கும் மேலாக ஒர்க்‌ஷாப். “இன்ஷூரன்ஸ் எங்களிடமே போட்டால்தான் இந்தத் தள்ளுபடி” என்று விற்பனைப் பிரதிநிதி பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் இது. அவரைக் கோபித்துப் பயனில்லை. காரில் விட்டதை அங்கேதான் எடுத்தாக வேண்டியிருக்கிறது.

இந்த அமைப்பை இந்தியாவில் முதலில் பெரிய அளவில் மாற்றிய கார் கம்பெனி மெர்சிடிஸ்-பென்ஸ். 2021 அக்டோபரில் தொடங்கிய திட்டத்துக்கு ‘ரீடெயில் ஆஃப் தி ஃபியூச்சர்’ என்று பெயர். டீலர் ஷோரூம்கள் அப்படியே இருந்தன, ஆட்களும் அதே ஆட்கள். மாறியது உள்கணக்கு. ஸ்டாக் முழுவதும் கம்பெனிக்குச் சொந்தமாகி, வாடிக்கையாளர் பெயரில் கம்பெனியே நேரடியாக பில் போடத் தொடங்கியது. நாடு முழுக்க ஒரே எக்ஸ்-ஷோரூம் விலை. டீலர் இப்போது காரைக் காட்டி, ஓட்டிக்காட்டி, டெலிவரி கொடுத்து, அதற்குக் கமிஷன் வாங்கும் ஏஜென்ட். சர்வீஸ் தொழில் அவரிடமே இருக்கிறது. கமிஷன் தொகை பழைய மார்ஜினைவிடக் குறைவாக இருந்தாலும் வட்டியும் தள்ளுபடியும் அவர் தலையில் இல்லாததால் கையில் நிற்பது உறுதியான பணம்.

வாங்குகிறவருக்கு இதில் ஒரு லாபமும் ஒரு நஷ்டமும் உண்டு. கோயம்புத்தூரில் ஒரு விலை, கொச்சியில் இன்னொரு விலை என்று மூன்று டீலர்களுக்குப் போன் போட்டு மோதவிடும் வேலை இல்லை. நாம் வாங்கிய மறுவாரம் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு லட்சம் குறைத்து வாங்கினார் என்ற வயிற்றெரிச்சலும் இல்லை. அதே சமயம், பேரம் பேசத் தெரிந்தவருக்கு மார்ச் மாதக் கடைசியில் கிடைத்த அந்த இரண்டு லட்சமும் போயிற்று. தள்ளுபடி வந்தால் கம்பெனியிடமிருந்து எல்லோருக்கும் வரும், இல்லாவிட்டால் யாருக்கும் இல்லை.

ஸ்டாக் யாருடையது என்ற கேள்வியின் கனம் 2025 செப்டம்பர் 22 அன்று நன்றாகத் தெரிந்தது. அன்றிலிருந்து கார்களுக்கான இழப்பீட்டு செஸ் (ஜிஎஸ்டிக்கு மேல் வசூலித்த கூடுதல் வரி) நீங்கி, பெட்ரோல், டீசல் கார்களில் சிறியவற்றுக்கு 18, மற்றவற்றுக்கு 40 சதவீத ஜிஎஸ்டி என்றானது. வாங்குகிறவர்களுக்கு நல்ல செய்தி. ஆனால் யார்டில் நின்ற அப்படிப்பட்ட ஒவ்வொரு காருக்கும் டீலர் ஏற்கெனவே செஸ் கட்டியிருந்தார். பெரிய எஸ்யூவி என்றால் 22 சதவீதம் வரை. அப்படிக் கட்டிய செஸ்ஸுக்கான வரவை, விற்கும்போது வசூலிக்கும் செஸ்ஸில் மட்டுமே கழித்துக்கொள்ள முடியும். விற்கும்போது செஸ்ஸே கிடையாது என்றானதும் அந்த வரவு ஜிஎஸ்டி லெட்ஜரில் எண்ணாக மட்டும் நின்றது. அப்படிச் சிக்கிய தொகை சுமார் 2,500 கோடி என்று ஃபாடா கணக்குச் சொன்னது. காரைத் தன் பணத்தில் வாங்கி வைத்திருந்த டீலருக்குத்தான் இந்த அடி. ஏஜென்டுக்கு லெட்ஜரில் கார் இல்லை, ஆகவே செஸ்ஸும் இல்லை. அங்கே பிரச்சினை வந்தாலும் அது கம்பெனியின் பிரச்சினை. (கம்பெனி தன் கிளைக்கே வேறு மாநிலத்துக்கு ஸ்டாக் மாற்றினாலும் ஜிஎஸ்டியில் அது ‘சப்ளை’தான், வரி உண்டு. நேரடி விற்பனைக் கம்பெனிகள் எந்த யார்டில் எத்தனை கார் வைப்பது என்று கவனமாக யோசிக்க இது ஒரு காரணம்.)

அப்படியானால் டீலர்கள் எல்லோரும் மகிழ்ச்சியாக ஏஜென்ட் ஆகிவிடலாமே என்றால், ஆஸ்திரேலியாவைப் பார்க்க வேண்டும். மெர்சிடிஸ் அங்கே 2022 ஜனவரியில் இதே முறைக்கு மாறியபோது 38 டீலர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பல ஆண்டுகளாக வளர்த்த வாடிக்கையாளர் வட்டத்தையும் நற்பெயரையும் நஷ்டஈடு இல்லாமல் கம்பெனி எடுத்துக்கொண்டது என்பது அவர்கள் வாதம். கேட்ட தொகை 65 கோடி ஆஸ்திரேலிய டாலர். 2023 ஆகஸ்டில் தோற்றார்கள். கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், உரிய அறிவிப்பு கொடுத்துப் புதுப்பிக்காமல் விடும் உரிமை கம்பெனிக்கு இருந்தது. அது போதுமானதாக இருந்தது. ஐரோப்பாவிலோ தலைகீழ். ஏஜென்சி முறைக்கு மாறப்போவதாக அறிவித்த ஜாகுவார் லேண்ட் ரோவர் 2024-இல் அந்த யோசனையையே கைவிட்டது. ஸ்டாக்கைத் தன் கணக்கில் ஏற்றினால் வட்டியும், டெமோ காரும், விற்பனை மென்பொருளும் கம்பெனி செலவாகிவிடும். விற்பனை மந்தமான மாதத்தில் சுமையைத் தள்ளிவிட ஆள் இல்லை.

இதனால்தான் மாருதி, ஹூண்டாய் மாதிரியான கம்பெனிகள் இந்தியாவில் நேரடி விற்பனைக்கு வரும் என்று நான் நம்பவில்லை. மெர்சிடிஸ் 2024-இல் இங்கே விற்றது 19,565 கார்கள். அதற்கு மத்திய ஸ்டாக் வைத்து சமாளிக்கலாம். நாடு முழுக்க ஆண்டுக்கு 43 லட்சம் கார் விற்கும் சந்தையில், 30 நாள் ஸ்டாக் என்றாலே மூன்றரை லட்சம் கார்கள். சராசரி 10 லட்சம் என்றால் 35,000 கோடி ரூபாய். இன்று அந்த மூட்டையைச் சுமப்பது ஆயிரக்கணக்கான டீலர் குடும்பங்களின் வீட்டுப் பத்திரங்கள். அதைக் கம்பெனிகள் தாமாகவே தங்கள் முதுகில் ஏற்றிக்கொள்ளக் காரணமே இல்லை. விலை உயர்ந்த, எண்ணிக்கை குறைந்த, ஆர்டர் வாங்கியபின் வரவழைக்கும் கார்களில் நேரடி விற்பனை நிற்கும். மற்ற இடங்களில் புக்கிங் மட்டும் ஆன்லைனுக்குப் போகும், பில் டீலரிடமே இருக்கும்.

முழு நேரடி விற்பனை எங்கே உடைகிறது என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஃபேக்டரி வைத்திருக்கும் ஓலா எலக்ட்ரிக், டீலரே இல்லாமல் சொந்தக் கடைகளில் ஸ்கூட்டர் விற்றது. தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் புகார்கள் போய், 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. விற்பனைக் கடை திறப்பது சுலபம்: வாடகைக்கு இடம், இரண்டு டெமோ வண்டி, மூன்று ஆட்கள். ஒர்க்‌ஷாப் அப்படியல்ல. ஒரு கார் ஒர்க்‌ஷாப்பை எடுத்துக்கொண்டால், சாதாரண சர்வீஸுக்கு இரண்டு மணி நேரம் வீதம் ஒரு பே-யில் (ஒரு காரை நிறுத்தி வேலை பார்க்கும் இடம்) நாளைக்கு 4 கார். 10 பே, மாதம் 25 வேலை நாள் என்றால் மாதம் 1,000, ஆண்டுக்கு 12,000 வருகை. ஒரு கார் ஆண்டுக்கு இரண்டு சர்வீஸ், ஒரு ரிப்பேர் என மூன்று முறை வந்தால், அந்த ஒர்க்‌ஷாப் 4,000 காரைத்தான் தாங்கும். மெக்கானிக் லீவு, பார்ட்ஸ் வரவில்லை, விபத்து வண்டி இரண்டு வாரம் பே-யை அடைத்துக்கொண்டது என்றெல்லாம் சேர்த்தால் 3,000 என்று வைப்பதே நியாயம். விற்பனை இந்தக் கணக்கைத் தாண்டி ஓடினால், வண்டிகள் ஒர்க்‌ஷாப் வாசலில் வரிசை கட்டும். டீலர் இருக்கும் முறையில் இந்த முதலீட்டை ஊருக்கு ஒருவர் தன் பணத்தில் போடுகிறார். நேரடி விற்பனையில் கம்பெனியே எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் போட வேண்டும். அமெரிக்காவில் நேரடி விற்பனையில் தொடங்கிய வியட்நாம் மின்கார் கம்பெனி வின்ஃபாஸ்ட், பிறகு அங்கேயே டீலர்களைத் தேடிப் போனது. தூத்துக்குடியில் ஃபேக்டரி திறந்து இந்தியாவுக்கு வந்தபோது முதல் நாளிலிருந்தே டீலர்களோடுதான் வந்தது.

ஒரு விஷயத்தில் நேரடி விற்பனைதான் வாங்குகிறவருக்குப் பாதுகாப்பு என்பேன். கம்பெனிக்கும் டீலருக்கும் உள்ள ஒப்பந்தம் ஏஜென்ட் உறவு அல்ல, இரண்டு தனி வியாபாரிகளுக்கு இடையிலான உறவு என்றே எழுதப்பட்டிருக்கும். கோவாவில் 2009-இல் தயாரான டாடா காரை 2011-இல் புதுசு என்று டீலர் விற்ற வழக்கில், உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் இதை வைத்தே தயாரிப்பாளரை விடுவித்தது; டீலர் செய்தது கம்பெனிக்குத் தெரியும் என்று நிரூபிக்கப்படவில்லை. பில்லில் கம்பெனியின் பெயரே இருந்தால் இந்த இடைச்சுவர் கிடையாது. விற்றவரும் தயாரித்தவரும் ஒருவரே.

ஆகவே பில்லை வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது விற்பவர் பெயரும் ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களும். 33 என்றால் தமிழ்நாட்டுப் பதிவு, 27 மகாராஷ்டிரா, 29 கர்நாடகா. இது வெறும் தகவல் அல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 41-ஆவது பிரிவின்படி, டீலர் இருக்கும் மாநிலத்திலேயே வண்டி பதிவாவதானால் விண்ணப்பிக்க வேண்டியது டீலர்தான். நம்பர் பிளேட் மாட்டாமல் வண்டியை ஒப்படைக்கவும் கூடாது. விற்பவர் வேறு மாநிலத்தில் இருந்தால் தற்காலிகப் பதிவோடு வண்டி வரும், நிரந்தரப் பதிவு வேலை யார் பொறுப்பு என்பதைப் பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விற்பனைச் சான்றான படிவம் 21-இல் தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருக்கும். சேசிஸ் எண்ணை வண்டியில் உள்ளதோடு ஒப்பிட்டு, டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் (முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு) பாருங்கள். டெஸ்ட் டிரைவ் வண்டிக்கு டிரேட் சர்ட்டிஃபிகேட் (பதிவாகாத வண்டியை வைத்திருக்கவும் ஓட்டிக்காட்டவும் கடைக்குத் தரும் அனுமதி) இருக்கிறதா என்றும் கேட்கலாம். அது இல்லாத கடைகள் மீது 2025-இல் மகாராஷ்டிராவில் போக்குவரத்துத் துறை நடவடிக்கை எடுத்தது. டெலிவரி நடுவில் கடை மூடிவிட்டால் அலைவது வாங்கியவர்தான். கடைசியாக, உங்கள் ஊரிலிருந்து மிக அருகில் இருக்கும் ஒர்க்‌ஷாப் எத்தனை கிலோமீட்டர், அதில் எத்தனை பே என்று நேரில் போய் எண்ணிவிட்டு வாருங்கள்.

ஏஜென்ட் ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் போகும் டீலர் குடும்பங்கள் பார்க்க வேண்டியது கமிஷன் சதவீதத்தை மட்டும் அல்ல. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தபோது 170 டீலர்கள், 391 கிளைகள் நடுவில் நின்றதாக ஃபாடா சொன்னது. ஏஜென்ட் ஆனாலும் ஷோரூம் உள்ளலங்காரம், லிஃப்ட், டயக்னாஸ்டிக் கருவிகள், அந்த பிராண்டுக்கு மட்டுமே பயன்படும் சிறப்புக் கருவிகள் எல்லாம் அவர் செலவாகவே இருக்கக்கூடும். கம்பெனி விலகினால் அவற்றைப் புத்தக மதிப்பில் திரும்ப வாங்குமா, உதிரிபாக ஸ்டாக்கை எந்த விலைக்கு எடுத்துக்கொள்ளும், விலகும் அறிவிப்புக் காலம் இடத்தின் குத்தகை முடியும் காலத்தோடு பொருந்துகிறதா, வாடிக்கையாளர் பட்டியல் யாருக்குச் சொந்தம், வாரண்டி வேலைக்கான கூலி எத்தனை நாளில் வரும் என்ற ஐந்தும் எழுத்தில் இல்லாவிட்டால், வக்கீலிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் பேனாவை மூடி வைத்துவிடலாம்.