பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்

2022 ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியப்புறம் அம்மம்மா மோசம் போய்விட்டா. வயது 91. மத்தியானத்துக்கிடையில் வானொலிக்கு மரண அறிவித்தல் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அம்மா என் கையில் கொப்பியும் பேனையும் தந்தா. “யாழ். ஏழாலையைப் பிறப்பிடமாகவும், கனடா ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட” என்று நிற்காமல் எழுதினேன். அந்த வசனம் எனக்குப் பாடம். பாடமாக்கி வைத்ததே அம்மம்மாதான்.

நாங்கள் 1997இல் கனடாவுக்கு வந்தோம். அப்போது எனக்குப் பதினொரு வயது. அம்மா ஸ்பொன்சர் பண்ணி அம்மம்மா வந்து சேர 2003 ஆகிவிட்டது. போரால் மூடிக் கிடந்த ஏ9 பாதை அதற்கு முந்தின வருடம்தான் திறந்திருந்தது. ஏழாலையில் இருந்து வான் பிடித்து, முகமாலையில் இறங்கிச் சோதனை முடித்து, கிளிநொச்சியில் சின்ன மாமா வீட்டில் ஒரு இரவு தங்கி, ஓமந்தை தாண்டிக் கொழும்புக்கு வந்து விமானம் ஏறினா. அந்த ஒரு இரவைப் பற்றி அம்மம்மா கதைத்த அளவுக்கு வேறு எதைப் பற்றியும் கதைக்கவில்லை. மாமா ஒடியல் கூழ் காய்ச்சச் சொன்னாராம். மழை வந்ததால் எல்லோரும் அடுப்படிக்குள் குந்தியிருந்து பிலாவிலையில் குடித்தார்களாம்.

இங்கே வந்த முதல் மாரியில் அம்மம்மா வீட்டை விட்டு வெளியே இறங்கவே இல்லை. பகலில் நாங்கள் பள்ளிக்கூடம், அப்பாவும் அம்மாவும் பக்டரி. அந்த வெறும் வீட்டில் அவவுக்குத் துணையாக இருந்தது ஒரு பெட்டி. அந்தக் காலத்தில் இங்கே சில தமிழ் வானொலிகளைச் சாதாரண ரேடியோவில் கேட்க முடியாது. தமிழ்க் கடைகளில் அதற்கென்று தனியாக ஒரு பெட்டி வாங்க வேண்டும். எங்கள் வீட்டுப் பெட்டி கறுப்பு, செங்கல் அளவு. அன்ரெனாக் கம்பி முறிந்ததால் சித்தப்பா செப்புக் கம்பி சுற்றி யன்னல் கரையில் கட்டிவிட்டிருந்தார். கம்பியில் கை பட்டால் இரையும். அதனால் அதன் பக்கத்தில் ஒருவரையும் அம்மம்மா நடக்க விடமாட்டா.

விடிய ஏழு மணிக்கு மரண அறிவித்தல். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்பா. பெயர் வந்த உடனே ஆள் பிடிபடாது. “அன்னார் காலஞ்சென்ற இன்னார் தம்பதியரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும்” என்று வர வரத்தான் ஆள் பிடிபடும். “உது எங்கட மயிலங்காட்டுப் பக்கத்து ஆக்கள். இவளின்ர தமையன் என்னோட படிச்சவர்” என்பா. பிறகு பிள்ளைகளின் வரிசை. பெயருக்குப் பின்னால் கனடா, லண்டன், ஜேர்மனி, சுவிஸ் என்று வரும். யார் எந்த நாட்டில் என்று அம்மம்மா தெரிந்துகொண்டது அப்படித்தான். ஊரில் செத்த வீடு என்றால் ஒருவர் படலையில் வந்து சொல்லிவிட்டுப் போவார். இங்கே அதற்கு அந்தப் பெட்டி.

பனி கரைந்த பிறகு செத்த வீடுகளுக்குப் போகத் தொடங்கினா. முதலில் அப்பா காரில் கூட்டிக்கொண்டு போவார். பிறகு ஒரு துண்டில் நான் எழுதிக் கொடுத்த நம்பரைக் காட்டித் தானே பஸ் ஏறுவா. 54 லோரன்ஸ், 102 மார்க்கம் றோட். ஆங்கிலத்தில் “தாங்க்யூ” மட்டும்தான் தெரியும். பஸ்ஸில் தமிழ் முகம் தெரிந்தால் பக்கத்தில் போய் இருந்து, “பிள்ளை எந்த ஊர்? ஆற்றை பிள்ளை?” என்று கேட்பா. பதினேழு வயதில் எனக்கு அது பெரிய வெட்கம். ஆனால் என் முதல் வேலை அப்படித்தான் கிடைத்தது. அம்மம்மா பஸ்ஸில் கண்டு கதைத்த ஒரு அன்ரி, தான் வேலை செய்த பல் வைத்தியரின் கிளினிக்கில் என்னைச் சேர்த்துவிட்டா.

அம்மம்மாவும் அம்மப்பாவும் ஏழாலைச் செம்மண்ணில் புகையிலையும் வெங்காயமும் செய்தவர்கள். அம்மப்பா 1993இல் காலமாகிவிட்டார். 1995 ஒக்டோபர் 30 இரவு எல்லோரும் வெளிக்கிடுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனபோது, அம்மம்மா உரப்பை ஒன்றில் விதை வெங்காயத்தைக் கட்டி மாமாவின் சைக்கிளில் ஏற்றினாவாம். மழைக்குள் சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலம் தாண்ட விடிந்துவிட்டதாம். அடுத்த சித்திரையில் அம்மம்மா ஏழாலைக்குத் திரும்பினா. மாமா கிளாலிக் கடலால் வன்னிக்குப் போனவர், அங்கேயே கலியாணம் செய்து இருந்துவிட்டார். இங்கேயும் எங்கள் பின்வளவில் ஒவ்வொரு வைகாசியிலும் வெங்காயம் நட்டா. “இந்த மண்ணுக்கு நிறம் காணாது” என்று சொல்லிச் சொல்லியே நடுவா.

சின்ன மாமாவின் கடைசி அழைப்பு 2009 தையில், இறுதிப் போருக்குள், வன்னியில் தருமபுரத்தில் இருந்து. அந்தச் சித்திரையிலும் வைகாசியிலும் யூனிவர்சிற்றி அவனியூவில் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு முன்னால் எங்கள் சனம் இரவு பகலாக இருந்தது. அம்மம்மா மடக்குக் கதிரையில் கம்பளி போர்த்திக்கொண்டு இருந்தா. மே 10, அன்னையர் தினத்தன்று, சனம் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறியபோது தானும் வருவேன் என்று எழும்பினா. நான்தான் பிடித்து இருத்தினேன். அன்று விட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மாமியும் இரண்டு பிள்ளைகளும் செட்டிகுளம் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். மாமா வரவில்லை. மாத்தளனில் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. காணாமற்போனதற்கான சான்றிதழ் எடுக்கலாம் என்று 2016இல் சட்டம் வந்தது. மாமி எடுக்கவில்லை. 2017 மாசி 20 அன்று கிளிநொச்சியில் தொடங்கிய தாய்மாரின் போராட்டத்தில் மாமாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. படத்தை வட்ஸ்அப்பில் பார்த்த அம்மம்மா, “அவன் மெலிஞ்சு போனான்” என்றா. அது 2003இல் நான்தான் அனுப்பிய கமராவில் எடுத்த படம்.

இவ்வளவும் மனதில் ஓட, கொப்பியில் பிள்ளைகளின் வரிசைக்கு வந்தேன். அம்மா, கனடா. பெரிய மாமா, லண்டன். சித்தி, பிரான்ஸ். நாலாவது பெயரை எழுதிவிட்டுப் பேனையை வைத்தேன். முன்னால் “காலஞ்சென்ற” என்று போட வேண்டும், இல்லையென்றால் பின்னால் ஒரு நாடு போட வேண்டும். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “அப்படியே விடு” என்றா.

பின்னேரம் வானொலியில் இருந்து ஒரு தம்பி எடுத்தார். “அக்கா, நாலாவது ஆளுக்கு ஒண்டும் போடேல்லை. எந்த நாடு எண்டு வாசிக்கிறது?”

“பேரை மட்டும் வாசியுங்கோ தம்பி.”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சரி அக்கா, விளங்குது” என்றார்.

பெட்டி எப்போதோ பழுதாகிவிட்டது, இப்போது வானொலி கைபேசியிலேயே கேட்கிறது. அடுத்த நாள் ஏழு மணிக்கு அம்மம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து கேட்டோம். நான் ஒலிப்பதிவு செய்து மாமிக்கு அனுப்பினேன். அங்கே பின்னேரம் நாலரை. ஐந்து நிமிடத்தில் மாமி எடுத்தா.

“பிள்ளை, இரைச்சலில சரியாக் கேக்கேல்லை. அவற்றை பேருக்கு முன்னால ஒண்டும் சொல்லேல்லைத்தானே?”

“இல்லை மாமி.”